போர்வைக்காரி எழும் நேரம்

விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களிடம் நல்ல வார்த்தையை எதிர்பார்க்க முடியுமா? ஊசிக்காரர் எதிர்பார்க்கவும் மாட்டார். வீட்டின் முன்னறையில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்துக்கொண்டு மாடியில் குடியிருப்பவர் அவர். காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் மதியம் இரண்டு வரைக்கும் யார் யாரோ வந்து கையை நீட்டுவார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். திருப்புகிற முகத்துக்கு எதிரே பார்க்க ஏதாவது இருக்கட்டும் என்று அவர் மனைவிதான் அந்தக் கடல்மீன் தொட்டியை வைக்கச் சொன்னாள். வைக்கச் சொன்னவள் அடுத்த வருஷமே, வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளின் படிப்புச் செலவுக்காக, வேலைக்கென்று கடல் தாண்டிப் போய்விட்டாள். முதியோர் இல்லத்தில் தாதி வேலை. இங்கே விடியும்போது அங்கே படுக்கப் போவார்கள். அப்படி ஒரு தூரம்.

தினமும் கதவைத் திறக்குமுன் இருவரும் போனில் பேசுவார்கள். ஒருநாள் அவள் சொன்னாள்.

“எங்க இல்லத்துக் கூடத்துலயும் ஒரு தொட்டி இருக்குங்க. அதுல உடம்பெல்லாம் புள்ளி போட்ட மீன் ஒண்ணு. பொழுது சாஞ்சா மணலுக்குள்ள தலையைக் குடுத்து அப்படியே உள்ள போயிடுது. போர்வையை இழுத்துப் போத்திக்கிற மாதிரி. நான் அதுக்குப் போர்வைக்காரின்னு பேரு வெச்சிருக்கேன். அது படுத்தப்புறம்தான் எனக்கே தூக்கம் வருது.”

அவ்வளவுதான், மனுஷருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அவளுடைய வேலை ஒப்பந்தம் முடியப்போகிறது. முடிந்ததும் இரண்டு வாரம் விடுப்பில் வருவாள். அதன்பிறகு இங்கேயே இருப்பதா, மறுபடி கையெழுத்துப் போட்டுப் போவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. போர்வைக்காரி இங்கேயே இருந்துவிட்டால் அவளுக்கு அங்கே என்ன வேலை? இதுதான் அவருடைய கணக்கு. 'போகாதே' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற காரியம். ஆனால் அந்த வார்த்தை மட்டும் அவருக்கு வாயில் வராது. எத்தனை வருஷத்து வாய் அது!

மீன் விற்பவன் வந்து தொட்டியைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினான். “அண்ணே, அடியில உடைச்ச பவளக்கல் இல்ல போட்டு வெச்சிருக்கீங்க? இதுல அந்த மீனு எப்படிப் படுக்கும்? உடம்பெல்லாம் கிழிஞ்சிரும். மாவு மாதிரி மணல் வேணும், நாலு விரக்கடை ஆழத்துக்கு.”

“அப்போ எல்லாத்தையும் அள்ளிட்டு மணலைக் கொட்டிடறேன்.”

“கொட்டுவீங்க! தண்ணியைச் சுத்தமா வெச்சிருக்கிற கிருமியெல்லாம் அந்தக் கல்லுலதான் குடியிருக்கு. ஒரேயடியா அள்ளினா இருக்கிற மீனும் போயிரும். வாரத்துக்கு ஒரு மூலை. பொறுமையாப் பண்ணுங்க.”

வாரத்துக்கு ஒரு மூலை என்று ஆரம்பித்தார். மதியம் கடையைச் சாத்தியதும் முழங்கைக்கு மேல் சட்டையைச் சுருட்டிக்கொள்வார். ஒரு மூலைக் கல்லை மெதுவாக அள்ளி எடுப்பார். கடல் தொட்டிக்கென்றே விற்கிற வெள்ளை மணலை வாளியில் போட்டு, அரிசி களைவதுபோல் களைந்து, பால் நிறம் போய்த் தண்ணீர் தெளிகிற வரைக்கும் கொட்டிக் கொட்டிக் கழுவுவார். பிறகு ஒரு பிளாஸ்டிக் குழாயைத் தொட்டியின் அடிவரை நிறுத்தி, மேல்வாயில் கரண்டி கரண்டியாக மணலை விடுவார். அப்படி விட்டால்தான் தண்ணீர் கலங்காது. இந்த நிதானத்தில் பாதியை வீட்டு விஷயத்தில் காட்டியிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

போனிலும் இதே பேச்சுதான். “இன்னிக்கு வலது மூலை முடிஞ்சுது. கல்லுக்கு அடியில எவ்வளவு அழுக்குங்கிற!” அவள் ‘ம்’ கொட்டுவாள். சில நாள் ஏதோ சொல்ல வருவாள். அதற்குள் இவர் இடது மூலைக்குப் போய்விடுவார்.

வாரந்தவறாமல் சர்க்கரை பார்க்க வரும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கு வாய் சும்மா இருக்காது. “என்னய்யா, வீடு கட்டுற இடத்துல லோடு லோடா மணல் கிடக்கு. நீர் பாக்கெட்டுல வாங்கிட்டு வந்து குளிப்பாட்டிக்கிட்டு இருக்கீரு!”

“அது வேற மணல் சார், இது வேற. கையை இறுக்கி மூடுங்க.”

கடைசி மூலையும் வெளுத்த பிறகு மீன் வந்தது. “உங்க வீட்டம்மா இருக்கிற பக்கத்துக் கடல்ல பிடிச்சதுதான்ணே” என்று மீன் விற்பவன் சொன்னதும் ஊசிக்காரர் பேரம் பேசாமல் பணத்தை எடுத்து நீட்டினார். மீனை உள்ளே விட்டார்கள். புள்ளி புள்ளியாக ஒரு சுற்றுச் சுற்றியது, சர்ரென்று தலைகீழாக மணலுக்குள் போனது. போனதுதான். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. காலை ஆறு மணியிலிருந்து அத்தனை பேரும் பழைய மீன்களை விட்டுவிட்டு வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு ரத்தம் கொடுத்தார்கள்.

“மீனுன்னு சொல்லி உமக்குக் காது குத்திட்டான்யா. செத்து எந்நேரம் ஆச்சோ, மோந்து பாரும்” என்றார் வாத்தியார்.

ஊசிக்காரர் தொட்டிமேல் குனிந்து மோந்தும் பார்த்தார். மறுநாள் விடியற்காலை தோள்வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு, ஒரு கையில் கரண்டியும் மறு கையில் போனுமாகத் தொட்டி எதிரே நின்றார்.

“தோண்டிப் பார்த்துடப் போறேன். இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுட்டாப் போதும்.”

“ஐயோ, கையை எடுங்க முதல்ல!” என்று அங்கிருந்து கத்தினாள் அவள். “நீங்க எத்தனை மணிக்குப் பாக்குறீங்க?”

“ஆறுல இருந்து ரெண்டு வரைக்கும் இங்கதானே இருக்கேன்.”

“அது தூங்குற நேரங்க அது. அதுக்கு அங்க ராத்திரி. எந்த ஊருக்குக் கொண்டுபோனாலும் கொஞ்ச நாளைக்கு அதுக்கு அதோட கடல் நேரம்தான். நான் மட்டும் என்னவாம்? வந்த புதுசுல நட்டநடுப்பகல்ல, பாட்டியம்மா ஒருத்தங்களுக்குச் சோறு ஊட்டிக்கிட்டே தூங்கி விழுந்தேன். அவங்கதான் என்னைத் தட்டி எழுப்புனாங்க.” சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ப் பாருங்க. ஆடாம அசையாம உக்காருங்க.”

நாலு மணிக்கு, சாத்திய கதவின் கண்ணாடி வழியாக விழும் வெயிலில், நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் மூச்சை அடக்கி உட்கார்ந்தார். மணலில் ஒரு இடம் லேசாக அசைந்தது. ஒரு சின்ன மூக்கு. இரண்டு கண்கள் இப்படியும் அப்படியும் பார்த்தன. பிறகு மொத்த உடம்பும் மணலை உதறிக்கொண்டு எழுந்தது. இந்நேரம் அவளும் அங்கே எழுந்து முகம் கழுவிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு வந்தது. அழுகை வந்துவிட்டது அவருக்கு, வெட்கமில்லாமல் அழுதார். பார்க்க மீனைத் தவிர யாருமில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாத்தியார் வாயை அடைக்க வேண்டாமா? தொட்டி விளக்கைத் தானாகப் போட்டு அணைக்கும் டைமர் ஒன்று வாங்கி, எரிகிற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலைப் பக்கம் நகர்த்தினார். மீனும் மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. இரண்டு வாரத்தில் காலை ஏழு மணிக்கு எழுந்து, எல்லோர் முன்னாலும் உலாவிவிட்டு, நாலு மணிக்கு முன்பே போர்த்திக்கொள்ளப் பழகிவிட்டது. “பார்த்தீங்களா சார்!” என்று ஊசி குத்தும்போதெல்லாம் மார்தட்டிக்கொண்டார்.

அவள் வந்தாள். இளைத்திருந்தாள். பெட்டியை வைத்ததும் முதலில் கேட்டது போர்வைக்காரியைத்தான். பொழுது சாய்ந்திருந்தது, அது மணலுக்குள் படுத்துவிட்டிருந்தது. “காலையில காட்டறேன்” என்றார். காலையில் ஏழு மணிக்கு மாடிக்கு ஓடினால் அவள் அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறாள். நாலு மணிக்கு எழுந்து, தலையைக்கூட வாராமல் கீழே இறங்கி வருவாள். அதற்குள் அது படுத்துவிட்டிருக்கும். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. இவர் ரத்தம் எடுக்கும்போது அவள் தூங்கினாள். அவள் பேச உட்காரும்போது இவருக்குக் கண் சொருகியது. வந்தவள் வந்தும் வராத மாதிரி ஆகிவிட்டது. தோளைத் தொட்டு எழுப்பலாமா என்று எத்தனையோ தடவை கட்டிலருகே போய் நின்றார். எழுப்ப மனசு வரவில்லை. கீழே யாராவது சத்தமாகப் பேசினால் “மெதுவா, மெதுவா, வீட்ல தூங்குறாங்க” என்று சீறுவார்.

விடுப்பின் கடைசி நாள் காலை. வாத்தியாரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். மாடிப்படியில் காலடிச் சத்தம். அவள்தான். தானாக எழுந்து வந்திருந்தாள்! பெஞ்சில் இருந்தவர்கள் ஒதுங்கி இடம் கொடுத்தார்கள். தொட்டிக்கு முன் குந்தி உட்கார்ந்தாள். மணல் அசைந்தது. மூக்கு வந்தது, கண் வந்தது, புள்ளி உடம்பு எழுந்து நின்றது.

“வந்துட்டா, வந்துட்டா” என்று குழந்தைபோல் கை தட்டினாள். பிறகு கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, “மணல் ரொம்ப நல்லாருக்குங்க” என்றாள்.

பட்டையை ஒரு கையில் பிடித்தபடியே அவர் சொல்லிவிட்டார். அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார். “நீ போகாதம்மா.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“போன மாசமே கையெழுத்துப் போட்டுட்டேங்க. பொண்ணு படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கில்ல.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

“சொல்ல வந்தேன். போகாதேன்னு சொல்லுவீங்க, போடாம இருந்துடலாம்னு பார்த்தேன். நீங்க மணலைப் பத்தியே பேசிட்டிருந்தீங்க.”

வாத்தியார், வாயே மூடாத அந்த மனுஷர், ரப்பர் பட்டையைத் தானே மெல்ல அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். “நான் நாளைக்கு வரேன்யா” என்று எழுந்து போனார்.

அவள் போய்ச் சேர்ந்ததற்கு மறுநாளே ஊசிக்காரர் டைமரைக் கையில் எடுத்தார். “மன்னிச்சுக்கம்மா, இன்னொரு தடவை” என்று மீனிடம் சொல்லிக்கொண்டு, பழையபடி கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த ஆரம்பித்தார், இந்தத் தடவை எதிர்ப்பக்கமாக. இப்போது சாயங்காலம் நாலு மணிக்குத்தான் தொட்டியில் விளக்கு எரியும். அந்நேரம் பெஞ்சில் அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். போனும் அப்போதுதான். மணலைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது. “நீ சொல்லு” என்பார், அவள் சொல்லுவாள்.

காலையில் வருகிறவர்களுக்கு இது பிடிபடவில்லை. வாத்தியார் கையை நீட்டிவிட்டு, வழக்கம்போல் முகத்தைத் திருப்பி, இருட்டாகக் கிடந்த தொட்டியைப் பார்த்தார்.

“என்னய்யா, விடிஞ்சு இவ்வளவு நேரமாச்சு, இன்னும் லைட்டுப் போடலையா?”

ஊசிக்காரர் நரம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

“அங்க இன்னும் விடியல சார்.”