பிந்திப் பாடியவள்

அயோனி ஃபேசி வாழ்நாளில் ஒரே ஒரு பாட்டைத்தான் இசைத்தட்டில் பாடினாள். அது வெளிவந்த வாரமே கிங்ஸ்டன் நகர வானொலிக்காரன் ஒருவன், "பொண்ணு பஸ்ஸை விட்டுட்டு ஓடி வந்து பாடுது போல" என்று கேலி செய்தான். ஒவ்வொரு வரியிலும் அவள் குரல் கொஞ்சம் பிந்தித்தான் நுழைந்தது. வீட்டுச் சின்ன ரேடியோவில் கேட்டபோது அவளுக்கும் அப்படியே பட்டது. அதன்பின் யார் முன்னாலும் அவள் பாடவில்லை.

இப்போது பர்மிங்ஹாமில் இருக்கும் மகன் ட்ரெவின் அந்தப் பாட்டைப் போனில் அனுப்பச் சொன்னான். அவன் அவளிடம் எதையும் வேண்டும் என்று கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. கீறல் விழுந்த தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு க்ளோவிஸ் டெனன்ட்டிடம் போனாள். பழைய தட்டுகளைக் கணினியில் ஏற்றிச் சுத்தம் செய்து கொடுப்பவன் அவன்.

முதல் முறை சுத்தம் செய்ததைக் கேட்டதும் க்ளோவிஸே முகம் சுளித்தான்.

"தட்டு சுத்துற உறுமலை வெட்டினேன், பேஸ் கிட்டார் சத்தமும் சேர்ந்து போயிடுச்சு. பாட்டு அந்தரத்துல தொங்குது, மிஸ் அயோனி."

"குரல் தெளிவா இருக்குல்ல? போதும்ப்பா, கொடு."

"உட்காருங்க. பேஸ் இல்லாம அனுப்பினா இந்தத் தெருவுல எவன் என்னை மதிப்பான்?"

உறுமல் இடது காதில் ஒரு மாதிரியும் வலது காதில் வேறு மாதிரியும் கேட்டது. பேஸ் இரண்டிலும் ஒன்றுபோல இருந்தது. கீழ்ச்சத்தத்தில் இரண்டுக்கும் பொதுவானதை மட்டும் வைத்துக்கொண்டான். சத்தத்தை வெட்டும் எல்லையையும் பேஸ் எட்டாத ஆழத்துக்கு இறக்கினான். பிறகு ஆளுயர ஒலிப்பெட்டியில் போட்டான்.

அயோனியின் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அந்தப் பாட்டுக்குப் பேஸ் வாசித்த வின்ராயின் விரல்கள். அந்தப் பதிவு முடிந்த மறுமாதம் இங்கிலாந்துக்கு விமானம் ஏறியவன், ஒரு கடிதம்கூடப் போட்டதில்லை. அவன் ஒவ்வொரு தாள அடியையும் ஒரு மூச்சு பிடித்துவைத்துத்தான் விட்டான். விட்ட இடத்தில், மயிரிழை பிசகாமல், அவள் குரல் வந்து இறங்கியது.

"நான் பிந்தலப்பா."

"பிந்தினீங்கன்னு எவன் சொன்னான்?"

"எல்லாரும்தான். நானும்தான்." பெட்டியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "இன்னொரு தரம் போடு."

க்ளோவிஸ் போட்டுவிட்டு, தண்ணீர் எடுக்கப் போகிறவன்போல வெளியே போனான்.

மாலையில் மகனுக்கு அனுப்பினாள். பதில் உடனே வந்தது: "சூப்பர்மா. ஆனா ஏன் எல்லா வரிலயும் லேட்டா வர்ற?"

போனில் பேஸ் கேட்டிருக்காது. "பெரிய பெட்டில போட்டுக் கேளுடா கண்ணா," என்று குரலைப் பதிவுசெய்து அனுப்பினாள்.

"சரிம்மா, ஞாயித்துக்கிழமை."

அந்த ஞாயிறு போனது, அடுத்ததும் போனது. கேட்டாயா என்று அவள் அவனை விசாரிக்கவில்லை. ஒருநாள் பஸ் ஏறி க்ளோவிஸிடம் போனாள். உள்ளே யாரோ வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன மிஸ் அயோனி, தட்டு ஏதாவது?"

"ஒண்ணுமில்லப்பா. பெரிய பெட்டில இன்னொரு தரம் கேக்கத்தான். நீ முடி, எனக்கு அவசரமில்ல," என்று வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.