இன்னும் ஒரு வாளி

…வலது காலில் சுண்டுவிரலும் அதற்கடுத்ததும்தான் பாக்கி, குனிந்தால் மூச்சு முட்டும் அவருக்கு, அதனால் ஒரு நகம், நிமிர்ந்து மூச்சு வாங்கி, பிறகு அடுத்த நகம் என்று வாசற்படியில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தார், நான் வெட்டிவிடுகிறேன் என்றேன், நீ போய்ச் சோற்றை வடி என்றார், வடித்துவிட்டு வந்தபோது கதவு நிலையில் சாய்ந்திருந்தார், நகவெட்டி மடியில்… கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியபோது அந்த இரண்டு நகங்கள் மட்டும் நீளமாக இருந்தன. என் வீட்டுக்காரர் தம்பையா போய் இது இரண்டாவது மழைக்காலம். இன்று காலை குழாயில் தண்ணீர் வந்திருக்கிறது, மோட்டார் ஓடவில்லை, என் வீடோ மாடியில், கீழ் வீட்டு நந்தகுமார் இரண்டு கையிலும் வாளியோடு படியேறி வருகிறார். துறைமுக ஒர்க்‌ஷாப்பில் தம்பையாவோடு ஒன்றாக வேலை பார்த்தவர், ஒன்றாகவே நெஞ்சு கெட்டவர். டிரம் பக்கத்தில் நின்று அவர் மூச்சைக் கேட்கிறேன். இரைக்கவில்லை. ஏன் இரைக்கவில்லை?

இருவருக்கும் ஒரே வியாதிதானே, இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னுக்குக் கசிகிற வியாதி. தீவிலிருந்து ஒரே விமானத்தில் மெயின்லேண்ட் போனோம், சென்னையில் ஒரே அறை, நானும் நந்தகுமார் மனைவி அகிலாவும் ஒரே அடுப்பில் மாற்றி மாற்றிக் கஞ்சி வைத்தோம். நெஞ்சைத் திறந்தால் இருவர் உடம்பும் தாங்காது, தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு, வால்வின் இரண்டு இதழையும் ஒரு கிளிப்பால் சேர்த்துப் பிடித்துவிடலாம் என்றார்கள், அதற்குத் தொண்டை வழியாக ஸ்கேன் எடுத்தார்கள். நந்தகுமாருக்குப் பொருந்தும் என்றார்கள். தம்பையாவுக்கு இதழ் தடித்துச் சுண்ணாம்பு படிந்திருக்கிறது, கிளிப் பிடிக்காது, மாத்திரையிலேயே பார்ப்போம் என்றார்கள். யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை, செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஒருவரையாவது திட்டித் தீர்த்திருப்பேன், இதழ் தடித்ததை எப்படித் திட்டுவது? கிளிப் போட்ட இரண்டொரு நாளில் நந்தகுமார் வராந்தாவில் நடக்கிறார், அகிலா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், நானும் அழுதேன், அவளுக்காக அழுதேன் என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். தம்பையா மட்டும் கட்டிலோரம் உட்கார்ந்து, துணிக் கிளிப்புடா நந்து, காத்தடிச்சா கெட்டியாப் புடிச்சுக்க என்றார், வார்டே சிரித்தது.

டிரம் நிரம்பிவிட்டது, விளிம்பில் தளும்புகிறது, இன்னும் ஒரு வாளி வேண்டும் என்கிறேன். கீழேயிருந்து அகிலாவின் குரல். "அக்கா, போதும்னு சொல்லுங்க அவருகிட்ட. அரே, கப்பல் இழுக்குற டக் போட்டுன்னு நெனப்பு, நிறுத்தவே தெரியாது." புருஷன் மேல் இப்படிச் சடைத்துக்கொள்வது, அதுகூட அவளிடம் இருக்கிறது… நந்தகுமார் ஏறி வருகிறார், ஒரே சீராக மூச்சு, வாளியை இறக்குகிறார், டிரம்மைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.

"ரொம்பித்தான பாபி கெடக்கு," என்றார். தீவில் எல்லோரும் போல அவரும் அண்ணியை இந்தியில் பாபி என்றுதான் கூப்பிடுவார். "மூச்சத்தான கேக்குறீங்க, கேளுங்க. தம்பையாவும் கேப்பான். படகு ஜெட்டி பெஞ்சுல உக்காந்து என் நெஞ்சுல காத வச்சு, சத்தம் நின்னுருச்சாடான்னு."

"எப்ப?"

"தினமுந்தான். கடைசி வாரம் வரைக்கும்."

என்னிடம் சொன்னதில்லை. தம்பையாவின் நெஞ்சில் தலைவைத்தால் ஊதுகிற மாதிரி ஒரு சத்தம் எனக்கும் கேட்கும், என்னங்க இது என்றால், ஒன்றுமில்லை, தூங்கு என்பார். சத்தம் நின்ற நெஞ்சு எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள, என் பக்கத்திலிருந்து எழுந்து, இந்த மனிதரிடம் போயிருக்கிறார், தினமும்… இத்தனை நாள் அகிலாவைப் பார்த்துத்தான் வயிறெரிந்தேன், இப்போது எரிவது யாரைப் பார்த்து? தம்பையாவின் காது பட்ட இடம் நந்தகுமாரின் நனைந்த சட்டைக்குள் இருக்கிறது, மேலும் கீழுமாக நிதானமாக அசைகிறது, எனக்கும் ஒருமுறை கேட்க வேண்டும் என்று யாரிடம் சொல்ல முடியும்? அகிலாவிடமா? இனி நீங்கள் தூக்க வேண்டாம், ஆள் வைத்துக்கொள்கிறேன் என்று வாயெடுத்தேன், சொல்லவில்லை. கடைசித் தண்ணீரைக் குடத்தில் ஊற்றிவிட்டு, காலி வாளிகளோடு அவர் இறங்கிப் போனார். எங்கள் கராச்சர்மா பகுதிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர், இனி அவர் படியேறி வருவது நாளை மறுநாள்.