திறந்திருப்பதாகச் சொன்ன பிரேக்கர்

அலுவலகமே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். சொந்தத் தம்பி பராமரிப்புக் குழுவில் இருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். துணைமின் நிலையங்களில் எது எதோடு இணைந்திருக்கிறது என்று திரையில் சரிபார்ப்பது அவள் வேலை.

அன்று அந்தத் திரையில் இரண்டாம் பஸ்பார், மின்கம்பிகள் வந்து சேரும் தடித்த உலோகப் பட்டை, சாம்பல் நிறத்தில் கிடந்தது. மின்சாரம் இல்லை என்று அர்த்தம். முதல் பஸ்பாரோடு அதை இணைக்கும் பிரேக்கர் திறந்திருக்கிறதாம், அதாவது இணைப்பு துண்டாகியிருக்கிறதாம். ஆனால் இரண்டின் மின்னழுத்த எண்களும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. கேட்டதற்கு, இரண்டாவது மீட்டர் பழுது என்றார் ஷிப்ட் அதிகாரி. பழுதான மீட்டருக்கு எங்கிருந்து வந்தது இத்தனை ஒற்றுமை?

துருவிப் பார்த்தாள். பிரேக்கரின் நிலை களத்திலிருந்து வரவே இல்லை. எச்சரிக்கை மணி சும்மா சும்மா அடித்துத் தொல்லை கொடுக்கிறதென்று, 'திறந்திருக்கிறது' என அதிகாரியே கையால் பதித்து அதன் வாயை அடைத்திருந்தார். அப்போது திறந்திருந்ததாம். இப்போது? அந்த மகானுக்கே தெரியாது.

அங்கே துணைமின் நிலையத்தில் தம்பி, இரண்டாம் பஸ்பாரில் எர்த் கம்பியை மாட்ட ஏணியில் ஏறத் தயாராக நின்றான். மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கோல் வேறு குழுவோடு போயிருந்தது. திரையில் இருக்கும் படமே போதும், சீக்கிரம் முடி என்று அதிகாரி உத்தரவு போட்டிருந்தார்.  அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது.

போன் ஸ்பீக்கரில் தம்பியைப் பிடித்து, ஏறாதே என்றாள். அவன் சலித்துக்கொண்டான்.

"அனுமதி குடுத்தது சார். நீ சொல்லி நான் நின்னா, அக்கா முந்தானையப் பிடிச்சுக்கிட்டு வேலை பாக்குறான்னு சிரிப்பாங்க."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "படம் தெளிவா இருக்கும்மா. தம்பிங்கற பாசத்துல குதிக்காதீங்க."

அவள் பல்லைக் கடித்தபடி போனை அவர் முன்னால் தள்ளினாள்.

"பாசம்தான் சார், இல்லைன்னு சொல்லல. வெளிய வண்டி நிக்குது. நீங்க போய் அவன் கையில இருக்கற கம்பிய வாங்கி நீங்களே மாட்டுங்க. நான் வாயே திறக்கல."

அதிகாரி படத்தைப் பார்த்தார். மின்னழுத்த எண்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"சார், மாட்டவா?"

அதிகாரி கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சார்?"

கண்ணாடி துடைபட்டுக்கொண்டே இருந்தது. போனில் ஏணியைக் கீழே இறக்கும் சத்தம் கேட்டது.

"எல்லாரும் தள்ளி வாங்கடா," என்றான் தம்பி தன் ஆட்களிடம். "சாருக்கே நம்பிக்கை இல்ல."