காண்டாமிருகத்தின் கண்

ஐந்நூறு வருசத்துக்கு முன்பு ஜேர்மனியில் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த காண்டாமிருகம் அது. ஸ்காபரோவில் வாகீசனின், படங்களுக்குச் சட்டம் போடும் பிறேம் கடைக்கு அதைக் கொண்டுவந்தவர் கிளிபோட் என்ற வெள்ளைக்காரர். செதுக்கியவன் அந்த மிருகத்தைக் கண்டதேயில்லையாம். ஆரோ சொல்லக் கேட்டுச் செய்தானாம். கடையில் வேலை செய்யும் வாகீசனின் தாய்மாமன் இரத்தினவேலருக்கு அது பிடிக்கவில்லை. காணாதவன் கீறினதை என்னெண்டு நம்புகிறது? மிருகத்தின் மேலெல்லாம் இரும்புத் தகடு போட்டமாதிரி. கண் இருக்கவேண்டிய இடத்தில் புழு அரித்த ஓட்டை.

படத்தில் கை வைக்கக்கூடாது, இன்னொரு பிழை விட்டால் வேலைக்கு வரவேண்டாம் என்று வாகீசன் சொல்லியிருந்தான். வேலை போனால் மகன் வீட்டு நிலத்தடிப் பேஸ்மென்ரில் சுவரைப் பார்த்துக்கொண்டு குந்தவேண்டியதுதான்.

ஆனாலும் கண்ணில்லாத ஒன்றைப் பிறேமுக்குள் அடைக்க மனம் வரவில்லை. படத்தைத் தொடாமல், பின்மட்டையில் ஓட்டைக்கு நேரே பேனையால் ஒரு பொட்டு வைத்தார். படத்தை அதன்மேல் வைத்ததும் மிருகம் பார்த்தது. குனிந்திருந்த அவரைத்தான் பார்த்தது.

பிறகுதான் உறைத்தது. கோயிலில் சிலைக்குக் கண் திறக்கும்போது எதிரே ஆள் நிற்பதில்லை. பசுவையோ முகம் பார்க்கும் கண்ணாடியையோதான் முதலில் காட்டுவார்கள்.

மட்டையை உருவினார். அதில் பொட்டைக் காணவில்லை. படத்தில் ஓட்டையையும் காணவில்லை.

நாலு மணிக்கு வந்த கிளிபோட் பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார். வேலை போச்சு என்றுதான் இரத்தினவேலர் நினைத்தார். மனுசனோ சிரித்தார்.

"கண்ணுக்குள்ள ஒரு கிழவன் குனிஞ்சு நிக்கிறானாம் மாமா. இவ்வளவு நாளும் தான் கவனிக்கேல்லையாம்," என்றான் வாகீசன். "நல்ல சந்தோசம் ஆளுக்கு. சுத்திக் குடுங்கோ."

"உந்தப் படத்தை விட்டிட்டுப் போகச் சொல்லு," என்றார் இரத்தினவேலர்.

"விசர்க்கதை கதையாதேங்கோ. அவர் ஸ்ரௌவ்வில்லுக்கு, தன்ர வீட்டை போகவேணும்."

மண்ணிறக் கடதாசியை வாலிலிருந்து சுற்றிக்கொண்டு வந்தார். அது மிருகத்தின் முகத்தை மூடியதும் கடை இருண்டது.

"லைற் நிண்டிட்டுதே?"

"எரியுதுதானே. கடதாசிக்கு ரேப்பை ஒட்டுங்கோ."

கண் தெரியவில்லை என்று சொன்னால் வேலை போய்விடும். தடவித் தடவி ஒட்டினார். பார்சலின் பாரம் கையை விட்டுப் போனது, கதவு மூடிக்கொண்டது. இன்றைக்குப் பிழையில்லை, திங்கட்கிழமையும் வாங்கோ என்றான் வாகீசன். ஸ்ரௌவ்வில்லுக்குப் போக எவ்வளவு நேரம் என்று மட்டும் அவர் கேட்டார். முக்கால் மணித்தியாலமாம். ஸ்டூலைத் தேடிப்பிடித்து இருந்தார்.

பக்கத்தில் வாகீசன் கடை கூட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கடதாசி விலகினதுபோல வெளிச்சம் வந்தது. முன்பின் தெரியாத ஒரு வீடு. கிளிபோட்டின் முகம் மிகக் கிட்ட நின்று, அவரைப் பார்த்துச் சிரித்தது.