கோழிகளுக்கு ஒரு செருமல்

அன்று காலையும் கோழி டாக்டர் அடுக்களைக் கதவைத் தள்ளும் முன் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். கதவு கிறீச்சிட்டது.

அடுப்பருகே நின்ற மனைவி திரும்பாமலே அதே செருமலைச் செருமிக் காட்டினாள். "நான் என்ன கோழியா? ஆய்வுக்கூடத்துக் கதவுக்கு வாரா வாரம் எண்ணெய் போடுறீங்க. வீட்டுக் கதவு மட்டும் கத்தணுமா?"

"அங்க கத்தினா எல்லாம் மிரண்டு மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நசுங்கிச் செத்துடும். நீ அப்படியா? சாயந்தரம் போடுறேன்."

சாயந்தரம் அவர் வரவில்லை. ஆய்வுக்கூட வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், துக்கம் கேட்க வந்தவர்கள் நிறைந்திருந்த கூடத்துக்குள் ஆய்வுக்கூட இயக்குநர் நுழைந்தார். ஊசி போட்ட கோழிகள் இரை எடுக்கவில்லை என்றார். பறவைக் காய்ச்சலுக்காக டாக்டர் எட்டு வருடம் உழைத்து உருவாக்கிய தடுப்பூசி அது. கோழிகள் குஞ்சாக இருந்தது முதல் அவர் செருமிவிட்டு உள்ளே போய்ப் பழக்கியிருந்தார். இப்போது யார் போனாலும் கோழிகள் மிரண்டு ஓடுகின்றன. பட்டினி கிடந்து மெலிந்தால் ஊசியின் பலனை அளக்க முடியாது, சோதனையே ரத்தாகிவிடும்.

"நீங்களே செரும வேண்டியதுதானே சார்?" என்றான் டாக்டரின் தம்பி.

"செருமினேன். ரெண்டு மயங்கி விழுந்திடுச்சு."

கூடத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகச் செருமச் சொல்லி, இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டார். தம்பி செருமினான். "இது சளி." பெரியப்பா செருமினார். "ஐயா, மேடையில பேசப் போற மாதிரி இருக்கு." டாக்டரின் தங்கைக்குப் பாதியில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதையும் ஒரு முறை திரும்பச் செய்யச் சொன்னார்.

அப்போது உள்ளறையிலிருந்து இரண்டு செருமல் கேட்டது. பெரியப்பா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மனைவி வெளியே வந்து நின்றாள். "எப்ப வரணும்?"

ஆய்வுக்கூடம் போனதும் குளிக்கச் சொன்னார்கள், மேலங்கி கொடுத்தார்கள். காலில் கணவருடைய ரப்பர் பூட்ஸ், தொளதொளவென்று. கோழி அறையின் கதவருகே நின்றவளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

"அழுதுடாதீங்கம்மா," என்று கிசுகிசுத்தார் இயக்குநர். "மிரண்டுடும். எல்லாம் போயிடும்."

அவள் கதவின் கீலைப் பார்த்தாள். எண்ணெய் பளபளத்தது. வந்த கோபத்தில் தொண்டை திறந்துகொண்டது. இரண்டு முறை செருமிவிட்டுத் தள்ளினாள். கதவு சத்தமில்லாமல் திறந்தது.

கோழிகள் அவளைப் பார்த்தன. பிறகு அவளுக்குப் பின்னால் பார்த்தன. பிறகு தலை குனிந்து இரை தின்றன.

சோதனை முடியும் மட்டும் தினமும் போய்ச் செருமினாள். கடைசியில் கிருமியைக் கொடுத்துப் பார்த்தபோதும் ஊசி போட்ட கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அச்சாகி வந்த அறிக்கையில் அவளை 'கருவிகள்' என்ற தலைப்பின் கீழ் சேர்த்திருந்தார்கள். நுண்ணோக்கிக்கு அடுத்த வரி.

அடுக்களைக் கதவு இன்னும் கிறீச்சிடுகிறது.