எடுக்க மறந்த டிக்

ஓசியில் கொடுத்தாலும் குறை சொல்லாமல் வாங்கிக்கொள்ள ஆளே கிடையாது. ஆறு வருடமாக இதைப் பார்க்கிறேன். நான் செய்வது ஒரு கேமுக்கான மாட். அந்த கேமில் துப்பாக்கி, குண்டு எதுவும் இல்லை. பொம்மை மனிதர்கள் வீடு கட்டுவார்கள், வேலைக்குப் போவார்கள், வந்து சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். கம்பெனி தருகிற சட்டையும் சோபாவும் போதாது என்பவர்களுக்கு என்னைப் போன்றவர்கள் புதிதாகச் செய்து நெட்டில் போடுகிறோம், அதுதான் மாட். காலர் கழுத்துக்குள் போகிறது, கலர் கண்ணைக் குத்துகிறது என்று உயிரை வாங்குவார்கள். நானும் சும்மா விடுவதில்லை. என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் ஏராளம்.

அண்ணன் என்னை 'பொம்மை டெய்லர்' என்றுதான் கூப்பிடுவான். அவன் லிஃப்ட் மெக்கானிக். உன் பொம்மைகள் மாடிப்படி ஏறி ஏறியே செத்துப்போகும், பாவம், ஒரு லிஃப்ட் செய்து கொடு என்று கிண்டல் செய்துகொண்டே இருப்பான். நான் செய்யவில்லை. ஐந்து மாதத்துக்கு முன் ஒரு பதினாலு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் விழுந்து இறந்தான். பெட்டியை மூடியே கொண்டுவந்தார்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டார்கள்.

அண்ணி அழவில்லை. பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் இருப்பவர், பதினாறாம் நாளே வேலைக்குத் திரும்பிவிட்டார். கல்நெஞ்சு என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசினார்கள். அதே வீட்டில் இருக்கும் எனக்குத்தான் தெரியும், அவர் வீட்டிலிருக்கும் நாட்களில் ஆறு மணி ஆனால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுப் போய்க் கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வருவார். அண்ணன் வரும் நேரம் அது.

ஒருநாள் அண்ணி ஒரு பிளாஸ்டிக் பையோடு என் மேஜைக்கு வந்தார். உள்ளே மடித்து வைத்த சாம்பல் நிற யூனிஃபார்ம் சட்டை.

"இதை உன் கேம்ல செய்ய முடியுமா? அவர் வேலை முடிஞ்சு வீட்டுக்குள்ள வர்றதை ஒரே ஒரு தடவை பாக்கணும். வேற எதுவும் வேணாம்."

வேறு யாராவது கேட்டிருந்தால் வாயில் வந்தபடி திட்டியிருப்பேன். அண்ணியிடம் முடியவில்லை. பார்த்துவிட்டு உடைந்துபோனால் என்ன செய்வது என்று பயமாகவும் இருந்தது. ஆனால் அவருக்காக என்னால் செய்ய முடிந்தது அந்த ஒன்றுதான்.

மூன்று வாரம் ஆனது. சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து முன்பக்கம், பின்பக்கம், கை என்று ஒவ்வொன்றாகப் படமெடுத்தேன். இடது முழங்கைக் கறை, சாம்பல் பட்டன்களுக்கு நடுவே ஒரே ஒரு பழுப்புப் பட்டன், முதுகில் பாதி உரிந்த கம்பெனி எழுத்துகள், கழுத்தைத் தேய்த்துத் தேய்த்து அவன் நைந்துபோக வைத்த காலர், எதையும் விடவில்லை. துவைத்த பிறகும் கிரீஸ் வாசனை போகவில்லை. அன்று அதற்கு மேல் என்னால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓடவிட்டேன். கேமில் ஒரு நிமிடம் என்பது நமக்கு ஒரு நொடி. எட்டு மணிக்கு பொம்மை அண்ணன் அந்தச் சட்டையோடு வேலைக்குப் போனான். பத்து நிமிடம் காத்திருந்தால் ஆறு மணி.

ஐந்தரைக்குத் தெருமுனையில் சாம்பல் சட்டை ஒன்று தெரிந்தது. அண்ணி எழுந்தேவிட்டார். கிட்டே வந்ததும் பார்த்தால் தபால்காரர். பின்னாலேயே ஓட்டப்பயிற்சி செய்யும் ஒரு கிழவி, அவளுக்கும் அதே சட்டை. நாயோடு நடக்கும் பக்கத்து வீட்டுக்காரர், அவருக்கும் அதே. எல்லோருக்கும் பழுப்புப் பட்டன், எல்லோருக்கும் முழங்கைக் கறை. ஒவ்வொரு முறையும் அண்ணி நிமிர்ந்தார், ஒவ்வொரு முறையும் உட்கார்ந்தார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு சட்டையைச் செய்து சேமிக்கும்போது, இதை கேம் தன்னிஷ்டப்படி யாருக்கு வேண்டுமானாலும் மாட்டிவிடலாமா என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் தானாகவே விழுந்திருக்கும், நாம்தான் எடுக்க வேண்டும். மாட் செய்யக் கற்றுக்கொள்கிறவன் முதல் நாளே கற்றுக்கொள்வது அது. எடுக்காமல் விட்டவர்களை எத்தனை பேர் முன்னால் கிழித்திருக்கிறேன். பட்டன் நிறத்துக்கு மூன்று நாள் செலவழித்தவள், அந்த டிக்கை மறந்திருக்கிறேன்.

தப்பு செய்துவிட்டேன், மூடிவிடுகிறேன், பத்து நிமிடத்தில் சரிசெய்கிறேன் என்று உளறினேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

சரியாக ஆறுக்கு அண்ணன் கதவைத் திறந்து உள்ளே வந்தான். வேலையிலிருந்து வந்ததும் பொம்மைகள் ஒரு சுற்று சுற்றி வீட்டு உடைக்கு மாறிவிடும், அது கேமின் பழக்கம். மூன்று வாரச் சட்டை கண்ணிமைப்பதற்குள் போய்விட்டது. அவன் நேராகப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தான்.

"கை கழுவலை," என்றார் அண்ணி. "இது அவர் இல்ல."

அதைச் சொன்ன குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் அண்ணனை நானே இரண்டாம் முறை தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அண்ணி மௌஸை வாங்கிக் காட்சியை வீட்டுக்குள்ளிருந்து தெருவுக்குத் திருப்பினார். தபால்காரர் வேலை முடிந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். முகம் தெரியவில்லை. உரிந்த எழுத்துகள், நைந்த காலர், வலது தோளில் பை. அண்ணி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினார்.

"அன்னைக்குக் காலைல பைக் செயினை மாட்டிட்டு வந்து புதுத் துண்டுல கிரீஸ் கையைத் துடைச்சிட்டார். நான் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டேன். போயிட்டு வரேன்னு சொன்னார். ரெண்டு தடவை சொன்னார். நான் அடுப்பையே பாத்துட்டு நின்னேன். அவர் முதுகைக்கூடப் பாக்கலை."

தபால்காரர் தெருமுனையை நெருங்கினார்.

"போயிட்டு வாங்க," என்றார் அண்ணி.

அவர் முனை திரும்பி மறைந்தார். அண்ணி மேஜையில் தலையைக் கவிழ்த்து, ஐந்து மாத அழுகையையும் சேர்த்து அழுதார். நான் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த டிக்கை இன்றுவரை எடுக்கவில்லை.

அழுது ஓய்ந்து அப்படியே தூங்கிப்போனார். வீட்டுக் கடிகாரத்தில் ஆறு மணி ஆனது. அண்ணி எழுந்திருக்கவில்லை. நான்தான் போய்த் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வந்தேன்.