ஜீப்புக்குப் பூக் கேட்ட கதை

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. பின்னால நிக்கறவங்களுக்கும் இங்க எடம் இருக்கு. இன்னிக்கு ஒரு ஜீப்போட கதை சொல்றேன். அந்த ஜீப்போட அடிவயித்துல இருந்த ஒரு தேனடையோட கதை. அந்தத் தேனடைக்காக மாகாளியாத்தாளையே ஏமாத்தப் பார்த்த ஒரு மாமியாரோட கதை. பயந்துக்காதீங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகாது. சிரிச்சுக்கிட்டேதான் எந்திரிச்சுப் போவீங்க.

மாமியார் பெயர் சுப்பாத்தாள். வீடு ஆனைமலையில். மகன் தமிழ்ச்செல்வன் தென்னை நார் மில்லுக்குப் போகிறவன். மருமகள் பொற்கொடி ஜீப் ஓட்டுகிறவள். நாலு சக்கரமும் இழுக்கிற டீசல் ஜீப். வால்பாறை மலைமேல் பஸ் போகாத எஸ்டேட்டுகளில் தொழிலாளர்கள் இருக்கிற லைன் வீடுகளுக்கு அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், சில நாள் பிரசவ வலி எடுத்த பொம்பளை என்று எதையும் ஏற்றிக்கொண்டு, பாறையும் பள்ளமுமான வழியில் போய் வருவாள். அந்த ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து போவதென்றால் சுப்பாத்தாளுக்குக் கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

ஒரு ஜூன் மாதம் நல்ல சேதி ஒன்று வந்தது. மலையில் மேல் லைன் என்று ஒரு இடம். அங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் பதினொன்று. பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டர் கீழே. நடுவில் ஓர் ஓடை, பாலம் கிடையாது. யானை வேறு. "திங்கக்கிழமை பள்ளிக்கூடம் தெறக்குது, அன்னைக்கிருந்து பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் கூட்டி வர உங்க ஜீப் வரட்டும்மா. வண்டி ஓடத் தகுதின்னு குடுக்கற எப்.சி. சர்ட்டிபிகேட் மட்டும் சரியா இருக்கோணும்" என்று எஸ்டேட்டில் சொல்லிவிட்டார்கள்.

பொற்கொடி பிறந்ததே அந்த மேல் லைனில்தான். எட்டாவதோடு அவள் படிப்பு நின்றதும் அதே வழியால்தான். சேதி வந்த அன்று அடுப்படியில் நின்று பாட்டுப் பாடிக்கொண்டே வெங்காயம் அரிந்தாள். சுப்பாத்தாள் காதில் அது விழுந்தது. கல்யாணமாகி வந்த பதினாலு வருசத்தில் மருமகள் பாடி அவள் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆனால் ஜீப்புக்கு அடியில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. சோழியைக் குலுக்கினால் வருமே, அந்தச் சத்தம். மேடேறினால் வண்டிக்கு மூச்சு வாங்கியது. பின்னால் கறுப்புப் புகை. இப்படியே கொண்டுபோனால் புகை டெஸ்டில் தேறாது, எப்.சி. கிடைக்காது. புதன்கிழமை மூன்று பேருமாக ஏறிக் கோயமுத்தூருக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். சுந்தராபுரம் பக்கம் சுரேந்தர் என்று ஒரு மெக்கானிக். வண்டிக்கடியில் படுத்துக்கொண்டேதான் பேசுவார். முகத்தைவிட அவர் பாதங்களைத்தான் வாடிக்கைக்காரர்களுக்கு நன்றாக அடையாளம் தெரியும்.

அவர் சைலன்சருக்கு முன்னால் இருந்த ஒரு டப்பாவைக் கழற்றி எடுத்துவந்து, நியூஸ் பேப்பரில் கவிழ்த்தார். பொலபொலவென்று சாம்பல் நிறத்தில் துண்டுகள் கொட்டின.

"இதானுங்க கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். உள்ளார தேனடையாட்டம் கண்ணு கண்ணா இருக்கும்ங்க. எஞ்சின் விடற புகை இது வழியாப் போறப்ப அதுல இருக்கற நஞ்சை எரிச்சுப்போடும். உங்களுது பொரி மாதிரி உதிர்ந்து வழியை அடைச்சுட்டுது. அதுதான் வண்டி இழுக்கலை."

"நல்லாத்தானுங்க அண்ணா ஓட்டுனேன், எப்படி ஒடைஞ்சுது?" என்றாள் பொற்கொடி.

"அது நெருப்பாக் கொதிச்சுக்கிட்டு இருக்கறப்ப ஓடைத் தண்ணிக்குள்ள எறக்கறீங்கல்ல? காஞ்ச தோசைக்கல்லுல தண்ணி தெளிக்கறோமே, அந்த மாதிரிங்க. இரும்புக் கல்லு தாங்கும். இது மண்ணுச் சாமானுங்க, சுட்ட பீங்கான். விரிசல் விட்டுப்போச்சு."

புதிதாக மாட்ட இரண்டு கன்வெர்ட்டர்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒன்று பழையது போலவே மண் தேனடை. நீளமான டப்பா, எந்த வண்டிக்கும் பொருந்தும், ஆனால் மாட்டினால் வண்டியின் அடிச்சட்டத்துக்குக் கீழே தொங்கும். இன்னொன்றின் தேனடை மெல்லிய எஃகுத் தகட்டைச் சுருட்டிச் செய்தது. கட்டையான டப்பா, இந்த எஞ்சினுக்கென்றே அளவெடுத்தது, மேலே ஒடுங்கி உட்காரும். விலை மூன்று மடங்கு.

"ரெண்டுமே புகை டெஸ்டுல தேறும்ங்க. ஊருக்குள்ள ஓடற வண்டின்னா மண்ணே போதும்னு நானே சொல்லுவேன். ரெண்டும் வேண்டாம், வெறும் பைப்பை மாட்டி உடுங்கன்னு சொல்ற ஆளுகளும் உண்டு. அதை மட்டும் நான் செய்யமாட்டேன். பின்னால பிள்ளைக உக்காரப்போகுதுன்னு சொல்றீங்க. புகை நாத்தத்துல ஒவ்வொரு வளைவுலயும் வாந்திதான் எடுக்கும்."

தமிழ்ச்செல்வன் மண்ணைப் பார்த்தான். பொற்கொடி தகட்டைப் பார்த்தாள்.

"அடியில தொங்கற சாமானை யாரு அம்மணி குனிஞ்சு பாக்கப் போறாங்க?" என்றான் மனைவியிடம்.

"ஓடை பாக்குமுங்க."

"ஓடையில மெதுவா எறக்கிக்க."

"ஏனுங்க, மெதுவா எறக்குனாத் தண்ணி நனைக்காதுங்களா?"

அந்த வீட்டில் சண்டைகூட 'அம்மணி'யும் 'ங்க'வும் போட்டுத்தான் நடக்கும். அதனால் சீக்கிரம் முடியவே முடியாது. ஜீப்பைப் பட்டறையில் விட்டுவிட்டு, பஸ் ஏறி ஆனைமலை வந்து சேர்கிற வரைக்கும் மண்ணுங்க, தகடுங்க என்று போய்க்கொண்டே இருந்தது. வீட்டு வாசலில் சுப்பாத்தாள் தீர்ப்புச் சொன்னாள். "காலையில பூக் கேட்டுப்போடலாம்."

பூக் கேட்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே? வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். இலையில் மடித்து ஒரே மாதிரி கட்டிச் சாமி முன்னால் போட்டுவிட்டு, மனதில் இருப்பதைச் சொல்லிக் கேட்பது. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். பொற்கொடியைப் பெண் பார்த்துவிட்டு வந்தபோது கேட்டார்கள், வெள்ளை வந்தது. அந்த ஜீப்பை வாங்கும்போது கேட்டார்கள், வெள்ளை வந்தது. பொட்டலத்தை வீட்டு ஆள் எடுக்கக்கூடாது, வெளி ஆள்தான் எடுக்க வேண்டும். அதற்கு இருக்கவே இருக்கிறார் ஆல்வின். தேங்காய் லோடு டெம்போ ஓட்டுகிறவர், காலையில் கோயில் வழியாகத்தான் போவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு, மற்ற நாளில் சுப்பாத்தாள் கூப்பிட்டால் பூ.

வியாழக்கிழமை விடிந்ததும் சுப்பாத்தாள் பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு அரளிச் செடிகளுக்குப் போனாள். வெள்ளையைப் பறித்து ஒரு பொட்டலம் கட்டினாள். சிவப்புக் கிளைக்கு நீட்டிய கை பாதியில் நின்றது. மருமகள் வெங்காயம் அரிந்துகொண்டே பாடிய பாட்டு ஞாபகத்துக்கு வந்தது. கை தானாகவே வெள்ளைக் கிளைக்குத் திரும்பிவிட்டது. இரண்டாவது பொட்டலத்திலும் வெள்ளை.

'ஆத்தா, தகடு போடலாமான்னுதான் கேக்கப் போறேன். நீ எப்படியும் வெள்ளைதான் குடுப்பே. உனக்கு வேலையைக் கொஞ்சம் கொறைச்சிருக்கேன், அவ்வளவுதான்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மாகாளியம்மன் கோயிலில் சூடம் காட்டியாயிற்று. பொட்டலம் இரண்டும் ஆத்தாள் காலடியில். ஆல்வின் டெம்போவை அணைக்காமலே இறங்கி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "சீக்கிரம் ஆகட்டும்ங்க சுப்பக்கா, பொள்ளாச்சியில லோடு எறக்கோணும்."

எப்போதும் கேள்வி கேட்பது சுப்பாத்தாள்தான். அன்றும் தொண்டையைச் செருமிக்கொண்டாள். அதற்குள் தமிழ்ச்செல்வன் கைகூப்பி முந்திவிட்டான்.

"ஆத்தா, மண்ணுக் கன்வெர்ட்டரே மாட்டலாம்னா வெள்ளை குடு தாயீ!"

சுப்பாத்தாளுக்குத் திறந்த வாய் மூடவில்லை. "இருங்க ஆல்வின்..." என்பதற்குள் அவர் குனிந்து ஒன்றை எடுத்து நீட்டிவிட்டார். தமிழ்ச்செல்வன் பிரித்தான். வெள்ளை! அவன் முகம் தேர் பார்த்த பிள்ளை மாதிரி மலர்ந்தது.

"இன்னொருக்காக் கேட்டுப் பாக்கலாமா சாமி?" என்றாள் சுப்பாத்தாள் மகனிடம், சுரத்தில்லாமல்.

"ஒருக்காக் கேட்டா ஒருக்காத்தான்னு நீதானேம்மா சொல்லுவே?"

மிச்சமிருந்த பொட்டலத்தை யாரும் தொடுவதற்கு முன்னால் சுப்பாத்தாள் எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். பொற்கொடி கோயில் மணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனை எடுத்தாள். "சுரேந்தர் அண்ணா, மண்ணையே மாட்டிப்போடுங்க. ஆமாங்க. ஆத்தா உத்தரவு. நாங்க வாரோம்."

கோயமுத்தூர் பஸ்ஸில் மாமியாரும் மருமகளும் பக்கத்துப் பக்கத்தில். சுப்பாத்தாளின் மடியில் அந்தப் பொட்டலம் குழவிக்கல் மாதிரி கனத்தது. கிணத்துக்கடவு தாண்டியதும் பொற்கொடி தானாகவே பேசினாள்.

"ஒண்ணும் பிரச்சனை இல்லைங்க அத்தை. யோசிச்சுப்போட்டேன். ஓடைகிட்டப் போனதும் நிறுத்தி, கன்வெர்ட்டர் ஆறுற வரைக்கும் ஒரு அரைமணி நேரம் உக்காந்துக்கலாம். அப்புறம் எறக்குனா ஒடையாது."

"பிள்ளைக?"

"அதுகளும் உக்காந்துக்கும்."

"யானை வந்தா?"

பொற்கொடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பட்டறைக்குள் நுழையும்போது ஜீப்புக்கடியில் சுரேந்தரின் பாதங்கள் தெரிந்தன. ஸ்பானர் சத்தம் கேட்டது. "ரெண்டு போல்ட்டு ஏறிட்டுதுங்க, இன்னும் ரெண்டுதான்" என்று பாதங்களின் பக்கமிருந்து குரல் வந்தது.

"நிறுத்து கண்ணு!" என்று சுப்பாத்தாள் போட்ட சத்தத்தில் அடுத்த பட்டறைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். ஸ்பானர் நின்றது. அவள் மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்துப் பிரித்தாள். வாடிப்போயிருந்தாலும் வெள்ளை வெள்ளைதான்.

"என்னம்மா இது?" என்றான் தமிழ்ச்செல்வன்.

"காலையில எடுக்காத பொட்டலம்."

"இதுலயும் வெள்ளையா? அப்ப சிவப்பு?"

"செடியிலேயே இருக்குது. ரெண்டுலயும் வெள்ளையை வெச்சது நான்தாண்டா. தகடு போடலாமான்னு கேக்கலாம்னு இருந்தேன். நீ முந்திரிக்கொட்டையாட்டம் முன்னால வந்து மண்ணு போடலாமான்னு கேட்டுப்போட்டே!"

முதலில் சிரித்தது ஜீப்புக்கடியில் இருந்தவர். பாதங்கள் இரண்டும் குலுங்கின. அடுத்தது பொற்கொடி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. தமிழ்ச்செல்வனும் கோபப்பட்டுத்தான் பார்த்தான், முடியவில்லை.

"மாகாளியாத்தாளையே ஏமாத்திப்போட்டயே! உனக்குப் பயமே இல்லையாம்மா?"

"பயமில்லாமயா? பொள்ளாச்சி ஸ்டாண்டுல நீ வாங்கிக் குடுத்த போண்டாவைக்கூட நான் தொடலை, பாத்தயில்ல?"

"அப்ப ஆத்தா என்னதான் சொல்லியிருக்கா?"

"ரெண்டும் வெள்ளைன்னா, உங்களுக்குப் புத்தி இருக்குதில்ல, எது நல்லதோ அதை மாட்டிக்கங்கன்னு அர்த்தம்!"

தமிழ்ச்செல்வன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான். "நானும் பஸ்ஸுல பின்சீட்டுலதான் இருந்தேன் அம்மணி. யானை வந்தா என்ன பண்றதுன்னு அம்மா கேட்டது காதுல விழுந்துச்சு. ஆத்தா உத்தரவாச்சேன்னு வாயைத் தெறக்கலை. ஓடையில எறக்கறது நீயி. நீயே சொல்லு."

பொற்கொடி மேசைப் பக்கம் போனாள். எஃகுத் தேனடையை இரண்டு கையாலும் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தாள். நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கண்கள். அத்தனையிலும் வெளிச்சம் புகுந்து அவள் கன்னத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது.

"இதை மாட்டுங்கண்ணா. அடியில கல்லுப் படாம ஒரு காப்புத் தகடும் போட்டுக் குடுங்க. சுத்தியும் காத்துப் போறதுக்கு எடம் உடுங்க."

"இதைத்தானுங்க நானும் நேத்திருந்து நெனைச்சேன்" என்றார் சுரேந்தர்.

"நெனைச்சா வாயைத் தெறந்து சொல்றதுக்கென்ன?" என்று சுப்பாத்தாள் கேட்டாள்.

"வாடிக்கைக்காரங்க வெலையைப் பாக்கறப்ப நாம எப்படிங்க இன்னொண்ணைச் சொல்றது, மரியாதையா இருக்காதுங்களே!"

வெள்ளிக்கிழமை புகை டெஸ்டில் ஜீப் தேறியது, எப்.சி.யும் கையில் கிடைத்தது. திங்கட்கிழமை விடிகாலையிலேயே சுப்பாத்தாள் செடியை மொட்டையடித்து ஒரு கூடை சிவப்பரளி பறித்துக்கொண்டு போய் மாகாளியாத்தாள் முன்னால் கொட்டினாள். "உனக்கு வரவேண்டிய செவப்பு, இந்தா, வட்டியோட. மனசுல வெச்சுக்காதே." விசயத்தைக் கேள்விப்பட்டுக் கோயில் வாசலில் டெம்போவோடு நின்ற ஆல்வின், "என்னைக் கூட்டாளியாச் சேத்துக்கிட்டுச் சாமியை ஏமாத்தியிருக்கறீங்க சுப்பக்கா. நான் யாருகிட்டப் போயி மன்னிப்புக் கேக்கறது, இங்கயா, சர்ச்சுலயா?" என்றார்.

"ரெண்டு எடத்துலயும் கேளுங்க. நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு அவள் ஜீப்பின் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

மேல் லைனில் பதினோரு பிள்ளைகளும் தலையை எண்ணெய் வைத்துச் சீவி, வரிசையாக நின்றிருந்தன. எல்லாம் ஏறின. சின்னது இரண்டு சுப்பாத்தாள் மடியில். ஜீப் பாறை பாறையாக இறங்கி ஓடைக்கு வந்தது. பொற்கொடி ஒரு கணம் நிறுத்தினாள், ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், இறக்கினாள். அடியில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. பிள்ளைகள் "ஓ" என்று கூச்சல். அடுத்த மூச்சில் ஜீப் அந்தக் கரையில் ஏறி நின்றது. சோழிச் சத்தம் இல்லை. கறுப்புப் புகை இல்லை.

முதல் வளைவு திரும்பும்போது பொற்கொடி பாட ஆரம்பித்தாள். இரண்டாவது வளைவில் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. மூன்றாவது வளைவில், தாளம் தப்பினாலும் பரவாயில்லை என்று, சுப்பாத்தாளும்.

கேட்டுக்கிட்டு இருந்த கண்ணுகளா, உங்க ஊடும் அப்படியே இருக்கட்டும். மேடு வந்தா உங்க ஊட்டு வண்டி மூச்சு வாங்காம ஏறட்டும். ஓடை வந்தா ஒண்ணும் ஒடையாமக் கரை சேரட்டும். உங்க பிள்ளைக நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போகட்டும், உங்க ஊட்டுப் பொண்ணுங்க பாடிக்கிட்டே வெங்காயம் அரியட்டும். நீங்க கேக்கற பூவெல்லாம் வெள்ளையாவே வரட்டும், யாரும் மாத்தி வெக்காமயே. நல்லா இருங்க சாமிகளா, ஊடு நெறைஞ்சு நல்லா இருங்க.